மருந்து சாத்திய மூர்த்தி

விருத்தாசலம் செராமிக் பிள்ளையார் ஒன்று கைதவறி விழுந்து கை உடைந்தால் வீட்டில் உடனே எழும் பேச்சு, பின்னமானதைப் பூசையில் வைக்கக் கூடாது என்பதுதான். ஆற்றிலோ அரசமரத்தடியிலோ விட்டுவிடுவார்கள். குழாய்க்கசிவை அடைக்க வாங்கிய எம்-சீல் என்ற எபாக்சி ஒட்டு அடுக்களையில் மிச்சம் இருக்கும். அதன் இரண்டு துண்டுகளையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, உடைந்த கையை ஒட்டிவிட்டு, அதே பிள்ளையாரை மறுபடி கும்பிடலாமா? கும்பிடலாம் என்பதே என் முடிவு. அதற்கான நியாயம் நம் கோயில்களின் கருவறையிலேயே இருக்கிறது.

கருவறைத் திருமேனி பீடத்தில் நிற்பதே ஓர் ஒட்டுப்பொருளின் பிடிப்பில்தான். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களை இடித்து இளக்கிச் செய்யும் அஷ்டபந்தனம் அது. பூசுவதை 'மருந்து சாத்துதல்' என்கிறோம். சிமெண்டுக்கோ பசைக்கோ அந்தப் பெயரை நாம் தந்ததில்லை. மருந்து என்று சொல்லும்போதே திருமேனிக்கும் தளர்ச்சி உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த மருந்து நாளடைவில் காய்ந்து பிடி தளரும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மூர்த்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலாலயம் நடத்தி, மருந்தைப் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்துவது மரபு. அப்படியானால், சீர்செய்யப்படுவது தெய்வத்தன்மைக்குக் குறை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மூட்டில் மருந்திடுவது வேறு, உறுப்பே உடைவது வேறு என்று மறுக்கலாம். வலுவான மறுப்புத்தான். தலை, கை, கால் சிதைந்தால் வேறு மூர்த்தி செய்து வைக்க வேண்டும் என்றும், விரல், ஆயுதம், அணிகலன் போன்றவை சிதைந்தால் சீர்செய்யலாம் என்றும் ஆகம மரபு பிரித்துப் பார்க்கிறது. அதன்படி கை உடைந்த பிள்ளையார் மாற்றத்தக்கவரே. ஆனால் அதே மரபு தானாய்த் தோன்றிய மூர்த்திகளுக்கு விலக்குத் தருகிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் வைணவத்தின் எட்டு சுயம்வியக்த தலங்களில் ஒன்றில் இருப்பவர். சாளக்கிராமத் திருமேனி என்பது நம்பிக்கை. மனிதர் செதுக்காத வடிவத்துக்கு மாற்று செதுக்க ஒருவராலும் ஆகாது. காப்பது மட்டுமே வழி. வடிவம் முழுமையாக இருப்பது ஒன்றே தகுதி என்றால் இந்த விலக்குக்கு இடமிருக்காது. மேலும், அந்த விதி பிரதிஷ்டை செய்த திருமேனிக்கு உரியது. வீட்டு அலமாரிப் பிள்ளையாருக்கு யாரும் பிரதிஷ்டை செய்வதில்லை; அன்றாடம் வைக்கும் ஒரு பூவில்தான் அவர் தெய்வமாகிறார்.

அப்படியானால் கோயிலிலும் எபாக்சியே போதுமே, பன்னிரண்டு ஆண்டுச் செலவு மிச்சமாகுமே என்று கேட்கலாம். கூடாது. அஷ்டபந்தனத்தைச் சூடுகாட்டி இளக்கலாம், கல்லுக்குச் சேதமின்றி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். எபாக்சியில் பிசினும் கெட்டிப்படுத்தியும் வேதிவினையில் பின்னிக்கொள்கின்றன. இறுகியபின் உருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பின்னால் வரும் ஸ்தபதி அதைக் கல்லோடு சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும். நம் காலத்துக்குச் சௌகரியம் என்பதற்காக அடுத்த தலைமுறையின் கையைக் கட்டிவிடுவது பக்தியாகாது.

வீட்டுப் பொம்மையின் கதை வேறு. சதுர்த்திக்குப் பிடிக்கும் பச்சைமண் பிள்ளையார் நீரில் கரைந்து மண்ணாகிறார். விடைகொடுப்பதற்கு அங்கே பொருள் உண்டு. சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்த செராமிக் எந்த ஆற்றிலும் கரையாது. மண்ணாகத் திரும்பவே முடியாத உடல் அது. வெள்ளாற்றில் விட்டால் மணலுக்குள் சில்லாகக் கிடந்து யாரோ ஒருவர் காலைக் கிழிக்கும். திரும்பாத உடலுக்குத் திரும்பாத ஒட்டுப் பொருந்தும். ஒட்டிய தடம் தெரிந்தால் தெரியட்டும், அதன்மேல் சந்தனம் வைக்கலாம். விளக்கை மட்டும் சற்றுத் தள்ளி ஏற்ற வேண்டும். எபாக்சி உருகாவிட்டாலும், சூடு பட்டால் அதன் பிடி தளரும்.