சோதிடமும் சங்கற்பமும்

மும்பை மாட்டுங்காவின் கடைகளில் விற்கும் பஞ்சாங்கம், சந்திர கிரகணம் இன்ன நாளில் இன்ன நாழிகையில் நிகழும் என்று கூறுமாயின், அந்த வாக்கினால் சந்திரனுடைய கதி அணுவளவும் மாறுவதில்லை. ஆனால், மின்சாரக் கார் இந்த வட்டாரத்தில் விலைபோகும், அந்த வட்டாரத்தில் போகாது என்று வணிகர் கணிக்கும்போது, அக்கணிப்பே காரணமாகிவிடுகிறது. விற்பனைக் கூடமும், சார்ஜ் ஏற்றும் நிலையமும், பழுது பார்க்கும் பட்டறையும் அது காட்டிய திக்கிலேயே செல்ல, சில ஆண்டுகளில் சொன்னது பலித்ததாகத் தோன்றுகிறது.

2025 ஜூலை 15 அன்று, மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா நிறுவனம் இந்தியாவில் தன் முதல் விற்பனைக் கூடத்தைப் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் திறந்தது; அப்போது காரின் விலை ஏறத்தாழ 60 லட்ச ரூபாய். மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி. அங்கே இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் மாடியறையில் வாழும் டாக்ஸிக்காரர், இரவில் 90 அடி ரோட்டின் ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு, இருவர் ஒருசேர நடக்கவியலாத சந்துக்குள் போகிறார். மின்சார வண்டியே வாங்கினாலும் அதை எந்தச் சுவரில் செருகுவார்? செம்பூரை அடுத்த டிராம்பேயிலோ, நகருக்கான மின்சாரத்தில் ஒரு பகுதி நிலக்கரியை எரித்தே பிறக்கிறது. புகையின் பங்கு அவ்வட்டாரத்துக்கு எந்தக் கணிப்புக்கும் காத்திராமல் முன்னரே வந்து சேர்ந்துவிட்டது.

இந்த ஏற்றத்தாழ்வை விதி என்று சொல்லி அமைதல் தகுமா? ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊழ் என்பது அவரவர் வினையின் பயன் என்பர். ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவருடைய ஊழ் என்று கூறுவது அதர்மம்.

நம் வழிபாட்டில் சங்கற்பம் என்றொன்று உண்டு. துவீபம், வருஷம், அயனம், ருது, மாசம், திதி என்று தேசத்தையும் காலத்தையும் வரையறுத்த பின், இறுதியில் ‘செய்கிறேன்’ என்னும் பொருளுடைய சொல்லைக் கூறி, கர்த்தா தன்னைப் பிணைத்துக்கொள்கிறான். வட்டாரவாரியான கணிப்பும் தேசத்தையும் காலத்தையும் சொல்கிறது. அந்த இறுதிச் சொல்தான் அதில் இல்லை. 2025-க்குள் புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் நூற்றுக்குப் பத்து மின்வாகனமாக வேண்டும் என்று 2021-இல் மகாராஷ்டிர அரசு வகுத்த கொள்கை, சோதிடத்தைவிடச் சங்கற்பத்துக்கே நெருங்கியது.

ஆகவே, வருங்காலத்தைக் கணிப்போர் தாராவியின் பெயரையும் உச்சரித்து, ‘செய்கிறேன்’ என்று முடிக்க வேண்டும். மனிதரைப் பற்றி முன்னுரைப்பவனுக்கு, உரைத்ததன் பயனில் பொறுப்பு உண்டு.