விற்கப்போற ஆட்டுக்கு எதுக்குப் பேரு?

விற்கப்போகிறோம் என்று தெரிந்தே ஓர் உயிரைக் கொஞ்சி வளர்ப்பது பாசமா, பாசாங்கா? கரிசக்காட்டுப் பக்கம் ஆடு வளர்க்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் வரும். செவலை, கருப்பி, சுட்டி என்று பேர் வைப்பார்கள். சோறு வடித்த கஞ்சியை அதற்கென்று எடுத்து வைப்பார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு இழுத்துப் போவார்கள். அங்கே துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகருக்கு அந்தப் பேர் தேவையில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். கன்னி ஆடு, கொடி ஆடு மாதிரியான நம்மூர் இனங்கள் இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். மழை பொய்த்து வெள்ளாமை போனாலும் சீமைக்கருவேல நெற்றைத் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆத்திர அவசரத்துக்கு நகையை அடகு வைத்தால் வட்டிதான் குட்டி போடும். ஆட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் ஒரு கிடா, ஆஸ்பத்திரிச் செலவென்றால் இன்னொன்று. ஆடு வாங்கவே காசில்லாதவர்கள் அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்குப் பிடித்து வளர்த்து, பிறக்கும் குட்டியில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். நிலத்தின் பட்டா பெரும்பாலும் ஆம்பளை பேரில் இருக்கும். ஆட்டுக்கயிறு பொம்பளை கையில் இருக்கும். 2011ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

சரி, இவ்வளவு பயன் இருக்கிறது. அதனால் கேள்வி தீர்ந்துவிடுமா? "வயித்துப்பாடு, இதுல என்ன தர்மம் பேசுற" என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால் ஏழைக்கு வயிறு மட்டும்தான் உண்டு, மனசாட்சி எல்லாம் வசதியானவர்கள் சமாச்சாரம் என்று ஆகிவிடும்.

கிடா வெட்டுக்கு முன்னால் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். நனைந்த ஆடு சிலிர்க்கத்தான் செய்யும்; அங்கே நிற்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஏமாத்து வேலை என்று சிரிக்கலாம். ஆனால் கேட்காமல் எடுக்கக்கூடாத ஒன்றை எடுக்கிறோம் என்கிற கூச்சம் அந்தக் காத்திருப்பில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் வருடச் சட்டத்தை 2003ல் தமிழக அரசு கறாராக அமல்படுத்தப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்து 2004ல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தடை கோயில் வாசலுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்கு இல்லை. கறிக்கடையில் ஆட்டிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

பசுவும் எருமையும் பாலுக்காகப் படும் கொடுமையை அறிந்து, பாலே குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர் காந்தி. கடும் நோயில் கிடந்தபோது, ஆட்டுப்பால் அந்த விரதத்தில் சேராதே என்று கஸ்தூரிபா சொல்ல, அவர் குடித்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் பொருளைக் கைவிட்டதாக சத்திய சோதனையில் அவரே வருந்துகிறார். சுவரில் இருந்த ஓட்டை வழியாகத்தான் போனார். ஆனால் அதை வாசல் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பேர் வைப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். செவலை என்று கூப்பிட்டதால் செவலைக்குச் செய்தது நியாயமாகிவிடாது. கஞ்சி ஊத்துனேன், கழுத்தை எடுத்துக்கிட்டேன் என்று நேர் செய்ய முடியாது. அந்தக் கடன் தீராது. ஆனால் யாரிடம் கடன்பட்டோம் என்றாவது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கிலோ கணக்கில் வாங்கித் தின்கிற என்னை மாதிரி ஆளுக்கு அதுகூடத் தெரியாது. பாசமா பாசாங்கா என்று அவளிடம் கேட்கிற தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது? அதை முதலில் யோசிக்கணும்.