அண்டாவை எப்போது இறக்கினீர்கள்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்யும் அன்பர்களே, வரும் பௌர்ணமிக்கு அரிசி மூட்டை ஏற்றுமுன் இதைக் கேட்டுவிடுங்கள். மதியம் கிளறிய சாம்பார் சாதத்தை மாலையில் பொட்டலம் கட்டி, நள்ளிரவில் யமலிங்கத்தருகே நீட்டாதீர்கள். வாடை எதுவும் வரவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். கெட்டுப்போன வாடை வருமுன்பே சோற்றில் நஞ்சு ஏறியிருக்கும்.

மண்ணிலும் அரிசியிலும் பேசில்லஸ் செரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. உலை கொதித்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சைச் சோற்றிலேயே சுரந்து வைக்கும். 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அழியாது. இரைப்பை அமிலத்துக்கும் அசையாது. வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் வேகஸ் நரம்பை அது தூண்டிவிட, அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் பிடுங்கும். பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலையே முடக்கி உயிரைப் பறித்திருக்கிறது.

“மறுபடி சூடு பண்ணித்தானே கொடுத்தோம்?” என்பீர்கள். முளைத்த கிருமி செத்திருக்கும், நஞ்சு சாகாது. கிருமியே இல்லாமல் அதன் நச்சு மட்டும் நோய் தரும் என்பதைக் காலராவில் காட்டியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தி, 1959இல் அதை வெளியிட்டார். அவர் அருமை நமக்கே வெகுகாலம் தெரியவில்லை.

கையில் வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ உள்ளவரைத் தயிர்சாதம் பிசைய விடாதீர்கள். அங்கிருந்து இறங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சும் கொதிப்புக்கு அஞ்சாதது.

ஒரே அண்டாவில் ஆயிரம் பேருக்குப் பொங்கி வைக்கும் பெருமையை விடுங்கள். சின்னச் சின்ன ஈடாக வடித்து, ஆவி பறக்கத் தொன்னையில் போடுங்கள். 14 கிலோமீட்டரை வெறுங்காலில் நடக்கும் கூட்டத்தில் கிழவிகளும் கைக்குழந்தைகளும் உண்டு. கார்த்திகை தீபத்தன்று அந்தக் கூட்டத்தைப் பிளந்து ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையில் அனுமதி வாங்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள்.

மீந்ததை விடிந்ததும் பாதையோரச் சாதுக்களுக்குக் கொடுக்காதீர்கள். வயிறு கெட்டாலும் அவர்கள் உங்களைத் தேடி வந்து கேட்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கொடுக்கிறோம். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.