கணக்கு அறியாமை

நம் எழுத்தாளர்களிடையே ஒரு பாவனை வெகு காலமாக உண்டு. யாப்பு தெரியாது என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர், வட்டி போடத் தெரியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்வதில் கூச்சம் இல்லை. ஓர் அந்தஸ்துகூட இருக்கிறது. லௌகீகத்தில் தோற்றவனே சிருஷ்டியில் ஜெயிப்பான் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த அறியாமை நிர்க்கபடமானதுதானா என்பது என் கேள்வி.

செல்லம்மா உலைக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை நம் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்ததுதான். அந்தக் கதையில் நாம் பாரதியையும் குருவிகளையும் பார்க்கிறோம். அன்றைக்கு உலை எப்படி ஏறிற்று என்று கேட்பதில்லை. ஒருவர் கணக்குப் பார்க்காததால் கணக்கு இல்லாமல் போய்விடாது. அது வேறொருவர் கைக்கு மாறும். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கைக்கு. அறியாமையின் சுகம் ஒருவருக்கு, அதன் செலவு இன்னொருவருக்கு. எனவே இதை ரசனை, சுபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. இது தார்மீகப் பிரச்னை.

வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவன் தினமும் பார்ப்பது ஒன்று உண்டு. ஒரு கவிதையின் நாலு வரிக்காக ஒரு மாலை முழுவதும் சண்டை போடக்கூடியவர்கள், பென்சிலால் குறியிட்டுக் காட்டிய இடங்களில் எல்லாம் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். கடன் பத்திரமும் ஒரு பிரதிதான். அதிலும் சொற்கள் ஒன்று சொல்லி மற்றொன்றை உணர்த்துகின்றன. 12,000 ரூபாய் கடன், ஒரு வருஷம், 12 சதவிகித வட்டி, மாதத் தவணை 1,120 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,440, கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் மாதம் 1,000 வீதம் அசல் கழிந்துகொண்டே வருகிறது. கடைசி மாதம் வாங்கியவர் கையில் இருப்பது 1,000 மட்டுமே. வருஷம் முழுவதும் சராசரியாக அவரிடம் இருந்தது 6,500. வட்டி கொடுத்ததோ 12,000க்கு. குறைகிற அசலுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் வீதம் 21ஐத் தாண்டுகிறது. '12' பொய் இல்லை, உண்மையும் இல்லை. 'நூற்றுக்கு இரண்டு' என்று மாதக் கணக்கில் சொல்லப்படும்போது வருஷத்துக்கு 24 என்பது காதில் விழாமல் போவதும் இதே ரகம்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களில் கட்டணங்களையும் சேர்த்து மொத்தச் செலவை ஒரே ஆண்டு வீதமாக எழுதி, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாள் வந்துவிட்டது. படிப்பது யார்?

கூட்டு வட்டியை நாம் பள்ளிக்கூடத்திலேயே போட்டிருக்கிறோம். ராமன் சோமனுக்குக் கொடுத்த கடனாக அது இருந்தது, நம்முடையதாக இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஒருவர் கற்கவேண்டியது கூட்டல் கழித்தல் அல்ல, பார்க்கச் சம்மதிப்பது. ஒரு மாதச் செலவை ஒன்று விடாமல் எழுதுவது. கடன்களை வட்டி வீதப்படி வரிசையாக்கி, அதிக வீதமுள்ளதை முதலில் அடைப்பது. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால் பெட்டியில் கிடக்கும் ரூபாயின் பலம் 12 வருஷத்தில் பாதியாகும் என்று தெரிந்திருப்பது. இவ்வளவுதான் பாடம். கடினமானது பாடம் அல்ல. தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரம் கலைவது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது நியாயமானது. 'நிதி அறிவு' என்று இன்று போதிக்கப்படுவதில், ஏழ்மையை ஏழையின் குணக்கோளாறாக்கிவிடும் சாதுர்யம் இருக்கிறது. கூலி போதாதவனிடம் சேமிப்பின் மகிமையைப் பேசுவது குரூரம். ஆனால் இந்த ஆட்சேபமே கணக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்கிறது. எழுதிப் பார்த்தவனுக்குத்தான் குறைபாடு தன் ஒழுக்கத்தில் இல்லை, வரவில் இருக்கிறது என்று நிரூபிக்க முடியும். எழுதாதவன் போதகரின் பழியை ஏற்றுக்கொண்டு தலை குனிவான்.

பணத்தை மறுத்தவர்களைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1854இல் வெளிவந்த 'வால்டன்' நூலின் முதல் அத்தியாயத்துக்கு தோரோ வைத்த தலைப்பு 'பொருளாதாரம்'. தான் கட்டிய குடிசைக்கு ஆன செலவை அதில் இனம் இனமாக எழுதி, 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட் வரை கூட்டிக் காட்டுகிறார். சந்தையை விட்டு விலகினவர் அதன் விலைகளை அறிந்தே விலகினார். தெரியாமல் விலகுவது துறவு ஆகாது, வெறும் மறதி.

வள்ளுவர் இதை வைத்த இடம் யோசிக்கத் தக்கது. பொருள் ஈட்டுவதற்கு 'பொருள் செயல்வகை' என்று தனி அதிகாரமே இருக்க, வரவுக்கும் செலவுக்கும் உள்ள அளவைப் பற்றிய குறள்களை அவர் 'வலியறிதல்' அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். படையெடுக்கிறவன் தன் பலம் அறியவேண்டும் என்ற பேச்சின் தொடர்ச்சியாக அவை வருகின்றன. கணக்கு என்பது அங்கே சிக்கனம் அல்ல, தன்னை அறிவது. அந்தக் குறள்கள் கொடையை விலக்கவும் இல்லை. கொடைக்கும் அளவு கேட்கின்றன. கணக்குப் பார்ப்பவன் கஞ்சனாகிவிடுவான் என்ற நம் பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது. தன்னுடையது எவ்வளவு என்று தெரியாதவன் கொடுக்கும்போது, பெரும்பாலும் பிறருடையதைக் கொடுத்துவிடுகிறான்.