கோடு யாருடையது?

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் இருநூறு பேர் கூடுவோம். பாதிப் பேருக்கு மீதிப் பேர் யாரென்றே தெரியாது. "நீ யாரு மவன்?" என்று கேட்பார்கள். சொன்னதும் ஒரு தலையாட்டல். ஒரு வருடம் இது சலித்துப்போய், எல்லோரையும் ஒரே வம்சாவளி மரத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். சாஃப்ட்வேர் ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டுகள், பெரியம்மாக்களின் ஞாபகம். ஆறு மாதத்தில் 400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தரங்கம் பற்றி யோசிக்காமலெல்லாம் இல்லை. இந்தத் துறையில் பழகிப்போன விதி ஒன்று உண்டு: உயிரோடிருப்பவரை மறை, இறந்தவரைக் காட்டு. இறந்த தகவல் இல்லாவிட்டால், பிறந்து 110 வருடம் ஆகாதவரை உயிரோடிருப்பவராகவே எடுத்துக்கொள்கிறது ஃபேமிலிசர்ச் தளம். அமெரிக்கா தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை 72 வருடம் பூட்டிவைக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரலில்தான் திறந்தன. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டமோ, இறந்தவர்களின் தரவு தன் எல்லைக்குள் வராது என்று முகவுரையிலேயே சொல்லிவிடுகிறது. நானும் அதே விதியை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். உயிரோடிருப்பவர்களின் பெயரும் தேதியும் அழிந்து சாம்பல் நிறக் கட்டங்கள் ஆயின. லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட கைதட்டல் எமோஜிகள்.

மூன்றாம் நாள் அத்தை ஃபோன் செய்தார். "ஏய்யா, அந்த மனுசன ஏன் போட்ட?"

(இங்கே அத்தை என்றிருப்பவர் எனக்கு அத்தை இல்லை. உறவு, வயது, திருவிழா எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக்காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.)

அந்த மனுஷர் அத்தையின் முதல் கணவர். கல்யாணமான இரண்டாம் வருடம், 31 வயதில், நெஞ்சுவலியில் போனவர். அப்போது அத்தைக்குக் கைக்குழந்தை. பிறகு மாமாவைக் கட்டிக்கொண்டார். குழந்தைக்கு மாமாவின் இனிஷியலே ஆயிற்று. அந்தக் குழந்தை, என் அத்தான், இன்று நாற்பதைத் தாண்டியவர். மாமாதான் தன்னைப் பெற்றவர் என்று நம்புகிறவர்.

பழைய பத்திரிகையைப் பார்த்து, தேதிக் கணக்கும் போட்டு, அத்தானை முதல் கணவருக்குக் கீழே இணைத்தவன் நான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். ஸ்கிரிப்ட்டும் சரியாகத்தான் வேலை செய்தது. அத்தை சாம்பல் கட்டம், அத்தான் சாம்பல் கட்டம். ஆனால் இறந்துபோன இரண்டு கணவர்களும் பெயரோடு நின்றார்கள். குழந்தையின் கோடு மாமாவிடம் போகவில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் மறைத்தேன், கோட்டை மறக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது; கோட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு தகவலுக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்று விதி நினைக்கிறது. 'இன்னார் இன்னாருடைய பிள்ளை' என்பதற்கோ குறைந்தது மூன்று பேர் சொந்தக்காரர்கள். அதில் ஒருவர் இறந்துவிட்டதால் தகவல் பொதுச்சொத்து ஆகிவிடுமா? அமெரிக்காவில் 2018இல் பிடிபட்ட 'கோல்டன் ஸ்டேட்' கொலைகாரனைக் காட்டிக்கொடுத்ததும் அவன் கட்டம் அல்ல, கோடுதான். தூரத்து உறவினர்கள் தங்கள் வேர்களைத் தேடி ஏற்றிவைத்த மரபணுத் தரவு போதுமானதாக இருந்தது. கொலைகாரன் விஷயத்தில் நமக்கு வருத்தமில்லை. அத்தை யாரையும் கொல்லவில்லை.

இதில் இன்னொன்று உறைத்தது. இது ரகசியமே இல்லை. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குத் தெரியும். நாற்பது வருடம் ஊரே அறிந்திருந்தும் ஒருவர்கூட அத்தானிடம் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வம்பளப்பில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, அப்படியும். அந்தரங்கம் என்பது ஒளித்துவைப்பது அல்ல, எந்தத் தகவல் எந்தச் சூழலில் யாரிடம் போகலாம் என்கிற ஒழுங்கு என்று தத்துவவாதி ஹெலன் நிஸன்பாம் எழுதுகிறார். புத்தகத்தில் படித்தபோது தலையாட்டினேன். பெரியம்மாக்கள் அதைப் படிக்காமலே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

லிங்க்கை அன்றே எடுத்துவிட்டேன். அத்தான் அதைத் திறந்தாரா என்று சர்வர் லாகில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

என் மனைவி கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதிலில்லை: "அவங்க அப்பா 31 வயசுல நெஞ்சுவலில போனது அவருக்குத் தெரிய வேண்டாமா?" வேண்டும். ஒவ்வொரு டாக்டரும் 'குடும்பத்துல யாருக்காவது இதயநோய் உண்டா' என்று கேட்கிறார், அவர் மாமாவை நினைத்துக்கொண்டு இல்லை என்கிறார். அது அவர் உடம்பு. அந்த அளவுக்கு அத்தையின் மௌனம் அத்தைக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஆனாலும் அதைச் சொல்லும் வாய் என்னுடையது இல்லை, ஒரு லிங்க்குடையது நிச்சயமாக இல்லை. என்னால் முடிந்தது, இதை அத்தையிடம் எடுத்துச் சொன்னது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "பாத்துக்கிடுதேன்" என்றார். இரண்டு வருடம் ஆகிறது.

இந்த வருட உத்திரத்தில் அத்தான் என் பக்கத்தில் இலைக்கு உட்கார்ந்தார். "மாப்ள, அந்த மரம் என்னாச்சு? லிங்க் தொறக்கவே மாட்டேங்குது."

"சர்வர் பிரச்சினை அத்தான்" என்றேன்.

பொங்கல் பரிமாறிக்கொண்டு வந்த அத்தை, என் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார்.