காணா மலருக்கு உழைப்போர்

மழையும் வெயிலும் மாறி மாறி வரும் மலேசிய, சிங்கை மண்ணில் இலையுதிர்காலம் என்பது பாடநூலில் மட்டும் காணும் சொல். வடபுலத்து நாடுகளிலோ அது வேலை மிகுந்த பருவம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நவம்பர்த் திங்களில் மரங்கள் வெறுங்கிளைகளோடு நிற்கும். பூங்காவில் உலாவ வருவோர் குறைவர். அவ்வேளையில் பொதுமக்கள் பலர், ஊதியம் பெறாத தொண்டர்களாக, மண்வெட்டி ஏந்தி வருகின்றனர். உதிர்ந்த இலைகளை வாரிக் குவிக்கின்றனர். சிறு வெங்காயம் போன்ற டாஃபடில் கிழங்குகளைக் கூர்முனை மேல்நோக்குமாறு ஏறத்தாழ 6 அங்குல ஆழத்தில் புதைக்கின்றனர்.

அக்கிழங்கு பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். ஆகவே, நிலம் உறையுமுன் அதனை நட்டாக வேண்டும். மலர் விரிவதோ மார்ச், ஏப்ரல் திங்களில்தான்.

இப்பணிக்கு ஒரு வரலாறு உண்டு. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அந்நகரின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டே நெதர்லாந்துக் கிழங்கு வணிகர் ஹான்ஸ் வான் வார்டன்பர்க் பெருந்தொகையான கிழங்குகளை நன்கொடையாக அளித்தார். தோட்ட வடிவமைப்பாளர் லிண்டன் மில்லர் முதலியோர் முன்னின்று அவற்றை மக்கள் கையால் நடச் செய்தனர். மாண்டோர் நினைவாகத் தொடங்கிய அப்பணி ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2007-இல் டாஃபடில் அந்நகரின் மலராக அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகிறது. பயனைத் தானே காண்போமா என்பது தெரியாத நிலையில் ஒருவன் ஏன் உழைக்க வேண்டும்? மலரைக் கண்டு மகிழ்வதே கூலி என்பர் சிலர். அவ்வாறாயின் அதுவும் தாமதமாக வரும் ஊதியமே அன்றோ? மேலும், நட்டவர் ஊர் மாறிப் போகலாம். அடுத்த வேனிலுக்குள் மறைந்தும் போகலாம். கிழங்கு புதைந்தபின் மண் முன்போலவே வெறுமையாகக் கிடக்கும். உழைத்தவர் பெயரை அது சொல்லாது.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. வரி வாங்கும் நகராட்சி செய்ய வேண்டிய வேலையைத் தொண்டர் செய்தால், கூலிக்கு உழைக்கும் தோட்டக்காரரின் பிழைப்பு என்னாவது? இதனைத் தள்ளிவிட இயலாது. 1975-இல் நியூயார்க் நகரம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளாகியது, பூங்காக்கள் பாழ்பட்டன. சென்ட்ரல் பூங்காவைக் காக்க 1980-இல் தனி அமைப்பு ஒன்று எழுந்தது. அதில் தொண்டர்கள் மட்டுமல்லர், ஊதியம் பெறும் தோட்டக்காரர்களும் உழைத்தனர். மரம் பேணலும் நீர் வடித்தலும் ஆண்டு முழுதும் செய்ய வேண்டிய, பயிற்சி வேண்டும் தொழில்கள். அவற்றுக்குரிய கூலியை மறுப்பதற்குத் தொண்டைச் சாக்காகக் காட்டுவது அறமாகாது.

அங்ஙனமாயின் தொண்டர் தருவது என்ன? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஈகை இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒன்றி வாழ்பவர் ஊருக்கு ஆற்றும் கடமை. பூங்காவில் கிழங்கு நடுபவர் எவருக்கும் பிச்சையிடவில்லை; தாமும் பங்காளியான ஒரு பொருளைப் பேணுகிறார். 'பொது' என்னும் சொல்லுக்கு 'எவருக்கும் உரியதன்று' எனப் பொருள் கொள்வோர் குப்பை எறிவர். 'எனக்கும் உரியது' எனக் கொள்வோர் குப்பையைப் பொறுக்குவர். இவ்வுணர்வைக் கூலி கொடுத்துப் பெற இயலாது. சட்டத்தாலும் புகட்ட இயலாது. கை அழுக்காகும்போதுதான் அது பிறக்கிறது.

வேனிலில் மலர்முன் நிற்பதற்குப் பலர் வருவர். குளிரில் வெறும் மண்முன் குனிபவர் சிலரே. டாஃபடில் ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுதோறும் மீண்டும் பூக்கும். பக்கக் கிழங்குகள் ஈன்று பெருகும். நட்டவரை அறியாத குழந்தையும் ஒருநாள் அதன் முன் நின்று மகிழும். அக்குழந்தை நன்றி கூற வேண்டியதில்லை. நட்டவரும் அதனை எதிர்பார்த்து நடவில்லை.