நம்பப்படாதவர்களின் நகரம்

“மீடியா பொய் சொல்லுது” என்று எல்லா கிளப் ரசிகர்களும்தான் சொல்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரும் சொல்வார், ஆர்செனல் ரசிகரும் சொல்வார். ஆனால் லிவர்பூல் ரசிகர் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குப் பின்னால் 97 பேரின் சாவு இருக்கிறது.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் மேலும் கூட்டம் போகும்படி போலீஸ் வெளிக்கதவைத் திறந்துவிட்டது. அந்த நெரிசலின் பாதிப்பில் பல வருஷம் கழித்து இறந்தவரையும் சேர்த்தால் செத்தவர்கள் 97 பேர். நான்கு நாள் கழித்து ‘தி சன்’ பத்திரிகை ‘உண்மை’ என்று முதல் பக்கத்தில் பெரிய தலைப்புப் போட்டது. ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்களாம், போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்களாம். அத்தனையும் பொய். 2012இல் ஒரு சுயாதீனக் குழு ஆவணங்களை வெளிக்கொண்டு வந்தபோது, 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. 27 வருஷம் கழித்து 2016இல்தான், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்று மரண விசாரணையின் ஜூரிகள் சொன்னார்கள். அடுத்த வருஷம் சன் நிருபர்களுக்கு கிளப் தன் கதவைச் சாத்தியது. அந்த ஊரில் இன்றும் பல கடைகள் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை.

சென்னையில் ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பில் மேட்ச் பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு இந்தச் சந்தேகம் பூர்வீகச் சொத்து மாதிரி, உழைக்காமலே கைக்கு வந்தது. ஜெர்சி வாங்கினால் கூடவே வந்துவிடும். சன் பத்திரிகையைப் புறக்கணிப்பதில் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, அது எங்கள் ஏரியாவில் கிடைப்பதே இல்லை. அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது: சிலர் துக்கத்தில் சம்பாதித்த சந்தேகத்தை மற்றவர்கள் எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாமா? அந்த கிளப்பின் இரண்டு ஃபார்வேர்டுகளை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பேரும் உருகுவேக்காரர்கள்.

முதலாமவர் லூயிஸ் சுவாரஸ். 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டு மைதானத்தில், அவர் தன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ரா புகார் செய்தார். சுவாரஸ் மறுத்தார். தான் ஒரேயொரு முறை சொன்ன வார்த்தை தன் ஊரில் சகஜமாகப் புழங்குவது என்றார். டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழு அவருக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. மறுநாள் விகன் மைதானத்தில் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரஸ் படம் போட்ட டி-ஷர்ட்டோடு வார்ம்-அப் செய்தார்கள். எவ்ராவின் புகார் நம்பத்தக்கதல்ல என்று கிளப்பே அறிக்கை விட்டது. அப்போது மேலாளர் கென்னி டால்கிலிஷ். 1989லும் அவர்தான் மேலாளர். இறந்தவர்களின் எத்தனையோ இறுதிச் சடங்குகளுக்கு நேரில் போய் நின்ற மனிதர்.

நம் ஊர் லிவர்பூல் ரசிகர்களின் பேச்சும் வேறு மாதிரி இல்லை. “இதெல்லாம் மீடியா கிளப்பிவிடுறது மச்சான்.” விசாரணைக் குழு தன் காரணங்களை 115 பக்கத்தில் வெளியிட்டது. இரண்டு பேரையும் விசாரித்து, யார் பேச்சு முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிட்டு, எவ்ரா சொன்னதே நம்பும்படி இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தது. அது பத்திரிகைச் செய்தி இல்லை. ஆனால் ‘மீடியா’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துப் போட்டால் 115 பக்கத்தையும் புரட்ட வேண்டிய வேலை மிச்சம்.

தத்துவ ஆசிரியர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ‘எபிஸ்டமிக் இன்ஜஸ்டிஸ்’ என்றொரு புத்தகம் எழுதினார். ஒருவர் யார் என்பதைப் பற்றி நமக்கு இருக்கும் முன்முடிவால் அவர் சொல்வதை நம்ப மறுப்பது, அவருக்கு நாம் செய்யும் அநீதி என்பது அதன் மைய வாதங்களில் ஒன்று. ஹில்ஸ்பரோவுக்கு அப்படியே பொருந்துகிறது. உயிர் தப்பி வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். லிவர்பூல்காரன்தானே, குடித்துவிட்டு கலாட்டா பண்ணியிருப்பான் என்று அவர்கள் வாயை அடைத்தார்கள். எவ்ராவுக்கும் அதேதான் நடந்தது. இந்த முறை நம்ப மறுத்தவர்கள், நம்பப்படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இங்கிலாந்தில் மற்ற எவரையும்விட நன்றாக அறிந்த ஊர்க்காரர்கள்.

இரண்டாமவர் டார்வின் நூன்யெஸ். இவர் விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 2022இல் பென்ஃபிகாவிலிருந்து வந்தார். விலை 6.4 கோடி பவுண்டு, நிபந்தனைகளைப் பொறுத்து 8.5 கோடி வரை போகலாம். மூன்று சீசனில் 143 ஆட்டம், 40 கோல். 2025இல் சவூதிக்குப் போய்விட்டார். அந்த விலைக்கு இது போதாது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான விமர்சனம். ஆனால் ரசிகர்கள் கைமாற்றிக்கொண்டது அந்த விமர்சனத்தை இல்லை, பதினைந்து விநாடி வீடியோக்களை. 2024 ஜனவரி 31 அன்று செல்சீக்கு எதிராக அவர் அடித்த பந்து நான்கு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அதில் ஒன்று பெனால்டி. கிண்டல் வீடியோவுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. லிவர்பூல் அந்த மேட்ச்சை 4-1 என்று ஜெயித்தது. நான்காவது கோலுக்கு பந்தை எடுத்துக் கொடுத்தது நூன்யெஸ்தான். அந்தப் பகுதியை வீடியோவில் சேர்த்தால் சிரிப்பு வராது, அதனால் வெட்டிவிடுவார்கள். முந்தின ஆகஸ்டில் நியூகாஸிலில், பத்துப் பேரோடு 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கி, இரண்டு கோல் போட்டு ஜெயிக்க வைத்ததும் இதே ஆள்.

சுவாரஸ் விஷயத்தில் “இவனுங்க சொல்றத எவன் நம்புவான்” என்று தள்ளிவிட்ட அதே விளையாட்டு மீடியா நூன்யெஸைக் கோமாளியாக வெட்டி ஒட்டிக் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டோம். என் தொழிலில் டெஸ்ட் எழுதுவது தினசரி வேலை. எந்த கோடைக் கொடுத்தாலும் பச்சை காட்டுகிற டெஸ்ட், டெஸ்ட்டே இல்லை. நமக்கு வேண்டியவர் மேல் புகார் வந்தால் மட்டும் கண் விழித்து, வேண்டாதவர் மேல் வந்தால் தூங்கிவிடுகிற சந்தேகமும் அப்படித்தான்.

“ரசிகன்னாலே ஒரு பக்கம் சாய்ஞ்சவன்தானே, ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தா மேட்ச் பார்க்க முடியும்?” என்று கேட்கலாம். சாயட்டும். பிள்ளை மேல் கேஸ் வந்தால் அம்மா கோர்ட் வாசலில் நிற்பாள், டிபன் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அடிபட்டவனைப் பார்த்து “இவன் பொய் சொல்றான்” என்று அவள் சாட்சி சொன்னால், அதைப் பாசக் கணக்கில் எழுத முடியாது. சுவாரஸ் கோல் போட்டால் கத்துவது சார்பு. எவ்ராவைப் பொய்யன் என்பது சாட்சியம். இரண்டையும் ஒரே ஜெர்சிக்குள் திணிப்பதில்தான் சிக்கல்.

அப்படியானால், யார் சொல்கிறார் என்பதையே பார்க்கக் கூடாதா? பார்க்கலாம். நாம் நேரில் காணாத விஷயத்தில் சொல்பவரின் வரலாறும் ஆதாரத்தின் ஒரு பகுதி. அந்த வகையில் சன் மீதான புறக்கணிப்பு முழுக்க நியாயமானது. ஒரு பத்திரிகை, ஒரு குறிப்பிட்ட பொய், அதற்கு நீண்ட தண்டனை. ஆனால் ‘மீடியா’ என்பது ஒரு ஆள் இல்லை. அந்தப் பெயரில் எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றும்போது, பொய் சொன்ன பத்திரிகையோடு உண்மை சொன்ன எவ்ராவும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்.

ஹில்ஸ்பரோ குடும்பங்கள் சந்தேகப்பட்டதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. ஆவணங்களைக் கேட்டார்கள், சாட்சிகளைத் தேடினார்கள், விசாரணை விசாரணையாக ஏறி இறங்கினார்கள். பலருக்கு அதிலேயே வயது போனது. சந்தேகம் அவர்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. அவர்கள் பேரைச் சொல்லி நாமும் சந்தேகப்படுவோம் என்றால், அந்த வேலையில் கொஞ்சமாவது செய்ய வேண்டும். குறைந்தபட்சம் முழு மேட்ச்சையும் பார்ப்பது, முழு அறிக்கையையும் படிப்பது.

2019 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எவ்ரா விருந்தினராக வந்திருந்தார். அதே மேஜையில் ஜேமி கேரகர். லிவர்பூலுக்காகவே ஆடி ஓய்வுபெற்றவர், அந்த டி-ஷர்ட்டைப் போட்ட அணியில் இருந்தவர். நாங்கள் செய்தது பெரிய தப்பு என்று எவ்ராவிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல இடம் கொடுத்தது ஒரு விளையாட்டு மீடியா ஸ்டுடியோ.